ஏ/டி டயர் தரும் தொல்லைகள்: அறிகுறியிலிருந்து காரணம், காரணத்திலிருந்து அடுத்த செட்

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வாரம் முழுக்க ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான் வண்டியை ஓட்டுகிறார்கள். காட்டுப்பாதையும் மணலும் லீவு நாளில் வருபவை. இரண்டுக்கும் ஒரே செட் டயர்தான். ஏ/டி (ஆல்-டெரெய்ன், ரோட்டுக்கும் மண்பாதைக்கும் பொதுவான) டயர் இதற்காகவே செய்யப்பட்டது என்றாலும், அந்தப் பெயரில் கடையில் இருப்பவை எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. யோகோஹாமா ஜியோலேண்டர் ஜி015 மாதிரி, ரோட்டு டயரிலிருந்து ஒரு படி மட்டும் முரடானவை உண்டு. பிஎஃப்குட்ரிச் கேஓ2 மாதிரி பக்கச்சுவர்வரை பட்டன் (டயர் மேல் துருத்திநிற்கும் ரப்பர்க் கட்டி) இறங்கிய, கனமான முரட்டு வகையும் உண்டு.

தினமும் ஓடும் வண்டிக்கு, நீங்கள் வழக்கமாகப் போகும் பாதைகளிலேயே மோசமானதைத் தாண்டும் அளவுக்கு முரடு போதும். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு படிக்கும் மழை ரோட்டில் பிடிமானம், சத்தம், மைலேஜ் ஆகியவற்றில் விலை கொடுக்கிறீர்கள். உங்களுக்கு எந்தப் படி சரி என்பதை இப்போது ஓடும் டயரின் தொல்லைகளே சொல்லிவிடும். கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். பழி டயர்மேல்தான் என்று உறுதியான பிறகு கடைக்குப் போகலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று விஷயங்களை முதலில் பார்த்துவிடுங்கள். ஒன்று, காற்று. காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவே உங்கள் கணக்கு. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அந்த அளவுக்கு நிரப்பச் சொல்வது அல்ல. இரண்டு, வயது. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரமும் ஆண்டும். 2423 என்றால் 2023ஆம் ஆண்டின் 24ஆவது வாரம். மூன்று, பட்டன் ஆழம். பள்ளங்களுக்குள் குறுக்கே தெரியும் சின்ன மேடு 1.6 மி.மீ. எல்லையைக் காட்டும். பட்டன் அதுவரை தேய்ந்துவிட்டால் வேறு சோதனையே வேண்டாம், டயரை மாற்றுங்கள்.

மழையில் பிரேக் போட்டால் வண்டி நிற்காமல் போகிறது

உயிருக்கு ஆபத்தான அறிகுறி இதுதான் என்பதால் இதிலேயே கொஞ்சம் நேரம் செலவழிப்போம்.

எப்போது வழுக்குகிறது என்று முதலில் கவனியுங்கள். தேங்கிய தண்ணீருக்குள் வேகமாக நுழையும்போது மட்டும் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிப் போனால், டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது. பட்டன் ஆழம் குறைவு, காற்று குறைவு, வேகம் அதிகம் ஆகிய மூன்றில் ஒன்றோ எல்லாமோ காரணம். பட்டன் 3 மி.மீ.க்குக் கீழே வந்ததுமே தண்ணீரை வெளியேற்றும் திறன் நன்றாகக் குறைந்துவிடும். சட்டம் 1.6வரை அனுமதிக்கிறதே என்று வடகிழக்குப் பருவமழையில் அந்த டயரோடு ஓட்டாதீர்கள். அக்டோபர் பிறக்கும்போது 3 மி.மீ.தான் மிச்சம் என்றால் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

தண்ணீர் தேங்காத, வெறுமனே நனைந்த ரோட்டிலும் வழுக்கினால் கதை வேறு. பட்டன் ஆழம் நிறைய இருந்தும் இப்படி ஆனால் ரப்பரைச் சந்தேகியுங்கள். கல்லில் கிழியாமல் இருக்க, முரட்டு ஏ/டி டயர்களில் சற்றுக் கடினமான ரப்பர் சேர்க்கிறார்கள். அது ஈர ரோட்டை இறுக்கிப் பிடிக்காது. பெரிய பெரிய பட்டன்களும் அவற்றுக்கிடையே அகலமான இடைவெளிகளும் இருப்பதால் ரோட்டைத் தொடும் ரப்பரும் குறைவு. இதோடு வயது சேர்ந்தால் இன்னும் மோசம். நம் வெயிலில் மொட்டை மாடி பார்க்கிங்கிலேயே கிடக்கும் வண்டியின் டயர், ஓடாவிட்டாலும் காய்ந்து இறுகும். நகத்தால் பட்டனை அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் உள்வாங்காமல் பிளாஸ்டிக் போல இருந்தால், பள்ளங்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், ஆழம் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் மழைக்கு உதவாது. ஆறு ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுதோறும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டு ஆனது ஸ்டெப்னியாகக்கூட வேண்டாம்.

4ஹெச் (நான்கு சக்கர இழுவை) போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பதுண்டு. நான்கு சக்கரமும் இழுத்தால் கிளம்புவது எளிதாகும். பிரேக் தூரம் ஒரு அடிகூடக் குறையாது. அதைத் தீர்மானிப்பது டயர்தான்.

புதுச் செட் வாங்கும்போது ஒவ்வொரு பட்டனின் மேலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கின்றனவா, அவை பட்டனின் அடிவரை போகின்றனவா என்று பாருங்கள். ஈர ரோட்டைப் பிடிப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மேலோட்டமான வெட்டு என்றால் பாதி தேய்ந்ததும் காணாமல் போய்விடும். மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனிப்படிகம் வரைந்த முத்திரையைச் சில கடைக்காரர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். அது பனியில் இழுவைக்கான சான்று. லடாக் போகிறவருக்குப் பயன்படும். சென்னை மழைக்கு அதை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று: செட் போட்டு ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் வழுக்கினால் பயப்படாதீர்கள். தொழிற்சாலையில் டயரை வார்க்கும் அச்சிலிருந்து அதைக் கழற்ற உதவும் பூச்சின் மிச்சம் மேலே இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் போய்விடும்.

மணலில் புதைகிறது

திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் வண்டி இறங்கி நின்றால், பத்தில் ஒன்பது முறை டயரில் தப்பில்லை. காற்று அதிகம், அவ்வளவுதான். ரோட்டுக் காற்றோடு மணலுக்குள் போனால் எந்த டயரும் குழி தோண்டும். 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் தரையில் படும் தடம் நீண்டு, எடை பரவி, வண்டி மேலேயே மிதந்து போகும். தேவைப்பட்டால் 15வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால், சட்டென்று ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. காற்றை இறக்கிய பிறகு வேகம் 30ஐத் தாண்டக் கூடாது. ரோட்டுக்கு ஏறியதும் முதல் வேலை காற்று நிரப்புவது. குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஓடினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடித்துவிடும். ஆகவே, பேட்டரியில் நேரடியாக மாட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸர் கையில் இல்லாமல் மணலுக்குப் போகாதீர்கள். முரட்டு டயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் நல்ல கம்ப்ரஸர் ஒன்று வாங்கிவிடலாம்.

மணல்தான் உங்கள் வழக்கமான விளையாட்டு என்றால் முரட்டுப் பட்டன் பாதகமே. மணலைத் தோண்டாத, மென்மையான ஏ/டி போதும்.

சேற்றில் டயர் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

இறங்கிப் பட்டனைப் பாருங்கள். பள்ளமெல்லாம் மண் அடைத்து, டயர் மொழுமொழுவென்று உருண்டையாகிவிட்டதா? கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் மழைக்குப் பிறகு இறங்கியவர்களுக்கு இது தெரியும். கரிசல் தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகிவிடும் களிமண். ஏ/டியின் நெருக்கமான பட்டன்களுக்கு நடுவே புகுந்தால் தானாக விழாது. சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்டால்தான் மண் தெறித்து வெளியேறும். 4எல் (குறைந்த வேகத்துக்கான நான்கு சக்கர இழுவை), இரண்டாவது கியர், ஆக்சிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்து முயலுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மேலும் சுற்றிக் குழியை ஆழமாக்காமல் கயிறு கட்டி இழுப்பதே நல்லது.

இதற்காக எம்/டி (சேற்றுக்கென்றே செய்த மட்-டெரெய்ன் டயர்) வாங்கலாமா? ஆழமான கரிசலில் எம்/டியும் அடைத்துக்கொள்ளும், கொஞ்சம் தாமதமாக, அவ்வளவே. ஊரில் நிலம் வைத்திருந்து, மழைக்காலத்திலும் வாரா வாரம் மண்பாதையில் போய்த்தான் ஆக வேண்டும் என்பவருக்கு, தோள்பட்டைப் பட்டன்களுக்கு நடுவே வெளிப்புறம்வரை திறந்த அகலமான பள்ளங்கள் கொண்ட முரட்டு ஏ/டி பொருத்தம். வருடத்தில் ஓரிரு முறை என்றால் ஒரு நாள் வெயில் அடிக்கும்வரை காத்திருந்து போங்கள். அந்த ஓரிரு நாளுக்காக மீதி நாளெல்லாம் எம்/டியின் சத்தத்தையும் மழை ரோட்டில் அதன் வழுக்கலையும் சுமக்க வேண்டாம். செம்மண் பாதைகளில் மேலே சேறு, அடியில் கெட்டித்தரை என்ற அமைப்பு அதிகம். அங்கே அகலம் குறைந்த டயர் சேற்றை வெட்டி இறங்கி அடித்தரையைப் பிடிக்கும். ஜிம்னியின் 195 மி.மீ. அகலம் இங்கே குறையே அல்ல, பலம்.

ஓங்காரமாகச் சத்தம் வருகிறது

ஏ/டி டயரில் சத்தம் இருக்கத்தான் செய்யும். புதிதில் இல்லாத சத்தம் போகப் போக ஏறுகிறது என்றால்தான் தேட வேண்டும்.

பழைய ரோட்டிலிருந்து புதிதாகப் போட்ட ரோட்டுக்கு மாறும்போது சத்தம் மாறினால் அது டயர். எந்த ரோட்டிலும் ஒரே மாதிரி இருந்து, வளைவில் திரும்பும்போது மட்டும் ஏறி இறங்கினால் வீல் பேரிங் பக்கம் பாருங்கள். டயர்தான் என்று தெரிந்தால் உள்ளங்கையைப் பட்டன்கள் மேல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் கூர்மையாக உரசினால் ஒவ்வொரு பட்டனும் முன்விளிம்பு ஒரு மாதிரியும் பின்விளிம்பு வேறு மாதிரியும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பெரிய பட்டன் கொண்ட டயர்களுக்கு இது சகஜம். 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றிவந்தால் கட்டுப்படும். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே மாடல் என்றால் ஐந்தையும் சுழற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையைக் குறுக்கே ஓட்டும்போது கூர்மை தெரிந்தால் அலைன்மென்ட் தவறியிருக்கிறது. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சோதியுங்கள். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

ஸ்டீயரிங் நடுங்குகிறது

80, 90 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, அதைத் தாண்டியதும் குறைந்தால் பேலன்சிங். சேற்றில் போய்வந்த மறுநாள் தொடங்கியது என்றால் ரிம்மின் உட்பக்கத்தில் காய்ந்த மண் கட்டியைச் சுரண்டி எடுத்தாலே பல நேரம் தீர்ந்துவிடும். கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். பேலன்ஸ் செய்தும் நிற்கவில்லை என்றால் ரிம் வளைந்திருக்கலாம், அல்லது டயர் ரிம்மில் சரியாக உட்காராமல் இருக்கலாம். ரிம்மின் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும்.

ஜிம்னிக்காரர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதன் முன்பக்கம் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கெட்டியான அச்சு. குழியில் விழுந்து எழுந்ததும் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் பலமாக உதற ஆரம்பித்து, வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் நிற்கிறது என்றால், டயர் பேலன்ஸ் அதைத் தூண்டியிருக்கலாம். வேர் பெரும்பாலும் தேய்ந்த புஷ், கிங்பின் பேரிங், இளகிய ஸ்டீயரிங் இணைப்பு இவற்றில் இருக்கும். கனமான, பெரிய டயர் போட்ட பிறகு இது தலைகாட்டுவது அதிகம்.

ஒரு பக்கமாக இழுக்கிறது

காற்றை அளந்துவிட்டீர்களா? அப்புறம் முன்னால் உள்ள இரண்டு டயரையும் இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயரின் உள்ளமைப்பில் கோணல், புதிது என்றால் கடையில் மாற்றிக் கேளுங்கள். பக்கம் மாறவில்லை என்றால் அலைன்மென்ட் அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது. டயரில் சுழலும் திசை அம்பு போட்டிருந்தால் இந்தச் சோதனையை மெதுவாக, சிறிது தூரம் மட்டும் செய்துவிட்டுப் பழையபடி மாற்றிவிடுங்கள்.

புது டயர் போட்டதிலிருந்து வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது

பக்கச்சுவரில் அளவுக்கு முன்னால் எல்டி என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சரக்கு ஏற்றும் வண்டிக்கான கட்டுமானம். பக்கச்சுவரில் அடுக்குகள் அதிகம், கனமும் பல கிலோ அதிகம். கூரான கல்லில் கிழியாது என்பது உண்மை. ஆனால் தினமும் பள்ளம் மேட்டில் உங்கள் முதுகு அதற்கு விலை கொடுக்கும்.

ஜிம்னி வெறும் வண்டியாக ஏறத்தாழ 1,200 கிலோ. கம்பெனி டயர் அளவான 195/80 ஆர்15க்கு 96 என்ற எடைக் குறியீடு போதும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், நான்குக்கும் 2,840 கிலோ. ஆள்களையும் சாமானையும் ஏற்றினாலும் மிச்சம் நிறைய. இந்த வண்டிக்குத் தடித்த எல்டி டயர் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தார், கூர்க்காவில் மலைப்பகுதிக் கற்பாதையே வாழ்க்கை என்பவர்கள் போடலாம். மற்றவர்களுக்கு அதே மாடலில் எல்டி அல்லாத அளவு கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஜி015 இரண்டு கட்டுமானத்திலும் வருகிறது.

ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் காற்றைச் சரிசெய்து பார்க்கலாம். எல்டி டயருக்குக் கதவு ஸ்டிக்கர் எண் அப்படியே பொருந்தாது. கடையில் கண்ணை மூடிக்கொண்டு 40, 45 அடித்துவிடுவதும் தவறு. பட்டன்களுக்குக் குறுக்கே சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போட்டு, சமதளத்தில் நேராக நூறு மீட்டர் ஓட்டுங்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. சீராக அழியும் அளவைக் குறித்துக்கொண்டு, காலையில் ஒரு முறையும் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு முறையும் அளங்கள். நாலைந்து பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி. அதைவிட நிறைய ஏறினால் டயர் மடங்கிச் சூடாகிறது, ஆரம்பக் காற்றைக் கூட்ட வேண்டும்.

மைலேஜ் விழுந்துவிட்டது, மலையில் இழுவை இல்லை

அளவை மாற்றினீர்களா? தாரின் 255/65 ஆர்18 டயரின் மொத்த உயரம் சுமார் 789 மி.மீ. அதை 265/70 ஆர்18 ஆக்கினால் சுமார் 828. ஐந்து விழுக்காடு உயரம் கூடிவிட்டது. ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. ஓடோமீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது உண்மையில் 105 ஓடியிருக்கிறீர்கள். லிட்டருக்கு 12 என்று கணக்கு வந்தால் உண்மை 12.6. ஆக, விழுந்ததில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை. மீதி உண்மையான இழப்பு. கனம் கூடியிருக்கிறது, உருளும்போது தடை கூடியிருக்கிறது, கியரும் ஐந்து விழுக்காடு நீண்டது போல் ஆகிவிட்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடங்களில் இரண்டாவதைத் தேடுவீர்கள்.

ஸ்பீடோமீட்டரும் இதே கணக்கில் குறைத்துக் காட்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். கம்பெனி கொடுத்த அளவிலேயே நல்ல ஏ/டி எடுத்தால் இந்தத் தொல்லைகளில் பாதி வராது. ஜிம்னியில் 215/75 ஆர்15 போட்டால் உயர வித்தியாசம் ஒன்றரை விழுக்காடுதான். 235/75 ஆர்15 ஏறக்குறைய ஆறு விழுக்காடு. தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டி மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுச் சிக்கலும் விபத்துக் காப்பீட்டுக் கேள்விகளும் வரலாம்.

ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பினால் உரசுகிறது

அளவு கூடியதன் இன்னொரு விளைவு. முன்னோக்கித் திருப்பும்போது மட்டுமா, ரிவர்ஸிலுமா, மேடு ஏறும்போதா என்று பார்த்து, உரசிப் பளபளப்பான இடத்தைத் தேடுங்கள். மட்ஃபிளாப்பில் லேசாகத் தொட்டால் அதை நகர்த்தினால் போதும். பிரேக் ஹோஸிலோ இரும்புப் பாகத்திலோ உரசினால் ஓட்டாதீர்கள், பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

பக்கச்சுவரில் வீக்கம் அல்லது வெட்டு

முட்டை அளவு வீக்கம் என்றால் உள்ளே இழை அறுந்துவிட்டது. ஒட்டு, வல்கனைஸிங், டியூப் எதுவும் தீர்வல்ல, மாற்றியே ஆக வேண்டும். வெட்டு மேல்தோலோடு நின்றிருந்தால் ஓட்டலாம். உள்ளே நூல் தெரிந்தால் கூடாது. பக்கச்சுவர்ப் பஞ்சரை நிரந்தரமாக அடைக்க முடியாது. கற்பாதையில் இப்படி அடிக்கடி நடந்தால், அப்போதுதான் மூன்று அடுக்குப் பக்கச்சுவர் கொண்ட எல்டி உங்களுக்கு நியாயமான செலவாகிறது.

4ஹெச்சில் வளைவில் திரும்பும்போது வண்டி பிடித்து இழுக்கிறது

காய்ந்த கெட்டி ரோட்டில் 4ஹெச் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். தார், ஜிம்னி இரண்டிலும் முன்னும் பின்னும் இறுக்கமாகப் பிணைந்துவிடும். வளைவில் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழியில்லாமல் இப்படித்தான் ஆகும். மண்ணிலும் இதே நிலை என்றால் நான்கு டயரும் ஒரே அளவா, தேய்மானம் ஒன்றா என்று பாருங்கள். பஞ்சருக்குப் பிறகு பழைய ஸ்டெப்னியைப் போட்டு அப்படியே ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். முன்னால் இரண்டு புதிது, பின்னால் இரண்டு பாதி தேய்ந்தது என்ற சேர்க்கை இந்த வண்டிகளுக்குக் கூடாது. வாங்கினால் நான்காக வாங்குங்கள், முடிந்தால் ஐந்து.

கடையில் பொருத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். தாரின் மேல் வகைகளில் வால்வோடு காற்று சென்சார் இருக்கிறது. கம்பியை வால்வுப் பக்கத்தில் விட்டு நெம்பினால் உடைந்துவிடும் என்று வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஐந்து டயரிலும் தேதியைப் படித்து, ஒன்றுக்கொன்று சில வாரங்களுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் கேட்டு வாங்குங்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியதோடு விடாமல், நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கை ஸ்பேனரால் ஒரு முறை சரிபாருங்கள்.